டயரில் எதற்கு இரண்டு முத்திரை?



தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "சார், இங்க விக்க ஐஎஸ்ஐ முத்திரை, ஐரோப்பாவுக்கு அனுப்ப வட்டத்துக்குள்ள 'ஈ' முத்திரை. ஒரு தடவை சோதிச்சாப் போதாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

1946இல் பிரான்சின் மிச்செலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கோரியது. அதற்கு முன் டயருக்குள் இழைகள் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுக் கிடக்கும். ரேடியலில் அவை விளிம்புக்கு விளிம்பு நேராக ஓடும். "இழை சாய்வாகத்தான் இருக்க வேண்டும்" என்று அன்று சட்டம் இருந்திருந்தால் ரேடியல் சாலைக்கே வந்திருக்காது. இன்று அதே நிறுவனம் தேர்வாய் கண்டிகையில் லாரி ரேடியல் செய்கிறது.

1995இல் உலக வர்த்தக அமைப்போடு வந்த தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தம் இதைத்தான் சொல்கிறது: பாதுகாப்பு விதி போடலாம், ஆனால் தேவைக்கு மேல் வணிகத்தைத் தடுக்கக் கூடாது. முடிந்தவரை பொருள் எப்படிச் செயல்படுகிறது என்று பார், எப்படிச் செய்தாய் என்று பார்க்காதே. கணக்கில் விடை சரியாக இருந்தால், கைடில் இல்லாத வழி என்று மார்க்கைக் குறைக்கலாமா?

சில இடங்களில் செய்முறையிலும் கைவைக்கத்தான் வேண்டும். புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் அதிகமுள்ள எண்ணெய்களை டயரில் சேர்க்க 2010 முதல் ஐரோப்பா தடை விதித்தது. தேய்ந்த டயரின் தூசு மண்ணிலும் காற்றிலும்தானே கலக்கிறது? நிறுவனங்கள் வேறு எண்ணெய்க்கு மாறின. விதியே புதுமையைத் தூண்டியது.

இந்தியா 2009 ஆணையின் மூலம் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியது. முத்திரைக் கட்டணத்தைச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் ஆட்சேபித்தது. ஐரோப்பிய நாடுகள் 1958 ஒப்பந்தப்படி ஒன்றின் சான்றிதழை மற்றொன்று ஏற்கும். இந்தியா அதில் இல்லை. நாம் 2006இல் சேர்ந்த 1998 ஒப்பந்தம் பொது விதிகளை வகுக்கும். ஆனால் அடுத்தவர் சான்றிதழை ஏற்கச் சொல்லாது. அதனால்தான் தம்பி, இரண்டு முத்திரை.

2022இல் நம் அரசும் ஈரச்சாலைப் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, சத்தம் ஆகியவற்றுக்கு அளவு வகுத்தது. மழையில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவரின் உயிர் அந்தப் பிடிப்பில்தான் இருக்கிறது. ஆகவே விதியைத் தளர்த்த வேண்டாம். இரு தரப்பும் நம்பும் சோதனைக்கூடங்கள் வந்தால், ஒரே சோதனையை இருவரும் ஏற்கலாம். வர்த்தகப் பேச்சில் நாம் கேட்க வேண்டியது அதுதான்.

இன்று உங்கள் வண்டி டயரைக் குனிந்து பாருங்கள். என்ன முத்திரை இருக்கிறது என்று கீழே எழுதுங்கள்.