பித்தநாள அமைப்பு வேறுபாடுகள்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் ஆளுக்கு ஆள் மாறி அமைந்திருப்பது. பாடநூல் படம் எல்லோர் வயிற்றிலும் அப்படியே இருப்பதில்லை. சிலருக்குக் கல்லீரலின் வலப் பின்பகுதிக் குழாய் தாழ இறங்கிப் பித்தப்பை நாளத்திலேயே வந்து சேரும். பித்தப்பையை அகற்றும்போது அதையும் பித்தப்பை நாளம் என்றெண்ணிக் கீழ்ப்பக்கம் மட்டும் கிளிப் போட்டு வெட்டிவிட்டால், மேல்முனையிலிருந்து பித்தநீர் வயிற்றுக்குள் கசியும்.

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை முதலில் அகற்றியவர் தெஹம்டன் உத்வாடியா. 1990, மும்பை ஜே.ஜே. மருத்துவமனை. நாளத்தை மாற்றி வெட்டும் தவறைத் தடுக்க அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் முன்வைத்த விதி: பித்தப்பை நாளத்துக்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட காலோ முக்கோணத்தின் கொழுப்பை நீக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பைக்குள் நுழைபவை ஒரு நாளம், ஒரு தமனி, இரண்டே என்று கண்ட பிறகே கிளிப். சொல்வதற்கு எளிது. அழற்சியில் எல்லாம் ஒட்டிக் கிடந்தால், பையின் கழுத்தை விட்டுவைத்து மீதியை மட்டும் எடுப்பார்கள்.