அக்டோபர் மாசச் சராசரியும் ஓசோன் ஓட்டையும்

"தினசரி டேட்டா இருக்கு, மாசச் சராசரி போட்டுக் குடு"ன்னு கேட்டா, பொட்டி தட்டுற நமக்கு அதெல்லாம் ஒரு வேலையாவே தெரியாது. பைத்தான்ல பாண்டாஸ் இருந்தா ஒரே வரி. காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும். ஆனா ஓசோன் ஓட்டையைக் காட்டிக் குடுத்ததே இப்படி ஒரு மாசச் சராசரிதான்.

அண்டார்டிகாவுல ஹாலி பேங்கிற இடத்துல பிரிட்டிஷ்காரங்க நிலையம் போட்டு 1950கள்லேர்ந்தே ஓசோன் அளந்துக்கிட்டிருந்தாங்க. கருவி பேரு டாப்சன். சூரிய ஒளியில புற ஊதாக் கதிர் எவ்வளவு வடிகட்டப்பட்டு வருதுன்னு பார்த்து, மேல எவ்வளவு ஓசோன் இருக்குன்னு சொல்லும். அலகும் டாப்சன்தான். 300 டாப்சன்னா, மேல இருக்கிற மொத்த ஓசோனையும் தரைமட்டத்துக்கு இறக்கிப் பரப்பினா 3 மில்லிமீட்டர் கனம். அவ்வளவுதான் நம்ம குடை!

அளவெல்லாம் கையால எழுதின தாள்ல குவிஞ்சு கிடந்துச்சு. 1977ல பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேயில சேர்ந்த ஜொனாதன் ஷாங்க்ளின் தலையில அந்த வேலை விழுந்துச்சு. தாள்ல இருக்கிறது ஒழுங்கா கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கான்னு பார்க்கணும், புரோகிராம் எழுதிக் கணக்குப் போடணும். நம்ம பாஷையில சொன்னா, தேங்கிக் கிடந்த ஆணி :-)

ஓசோன் தினமும் ஏறும், இறங்கும். மேல அடிக்கிற காத்தைப் பொறுத்தது. ஒருநாள் குறைஞ்சிருந்தா அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மாசம் முழுக்கக் கூட்டி வகுத்தா அந்த ஆட்டம் அடங்கிடும். அக்டோபர் அங்க வசந்த காலம். அந்த ஒரு மாசத்தை மட்டும் வருஷவாரியா அடுக்கினா, ஆரம்பத்துல 300 பக்கம் இருந்த சராசரி 1984ல 200 பக்கம் வந்துடுச்சு. ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்ளின் மூணு பேரும் 1985 மே மாசம் நேச்சர் இதழ்ல இதை வெளியிட்டாங்க.

சரி, 1978லேர்ந்து மேல சுத்துன நாசாவோட நிம்பஸ்-7 என்ன பண்ணுச்சு? "குறைஞ்ச எண்ணையெல்லாம் சாஃப்ட்வேர் தூக்கிப் போட்டுடுச்சு"ன்னு ஒரு கதை சுத்துது. அது முழு உண்மை இல்லீங்க. 180க்குக் கீழ போனா "சந்தேகம்"னு குறி போட்டுச்சு, அழிக்கலை. நாசா ஆளுங்க அதைக் கவனிச்சு, தென்துருவத்துல இருந்த தரைக் கருவியோட ஒப்பிட்டாங்க. அது 300னு சொல்லுச்சு. தப்பு அந்தத் தரைக் கருவி மேலதான்! ஆனா டேட்டா பத்திரமா இருந்ததால, ஓட்டை ஒரு கண்டத்தையே மூடுற அளவுக்குப் பெருசுன்னு பின்னாடி படம் போட்டுக் காட்ட முடிஞ்சது. 1987 செப்டம்பர் 16ல மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, ஃப்ரிட்ஜ்லயும் ஸ்ப்ரேயிலயும் இருந்த குளோரோஃபுளோரோகார்பனுக்குக் கடிவாளம் விழுந்துச்சு.

இதுல நமக்கு ரெண்டு சங்கதி இருக்கு. பாண்டாஸ், டேட்டா இல்லாத நாளைச் சத்தமில்லாம தாண்டிப் போயிடும். 3 நாள் டேட்டா இருந்தாலும் 31 நாள் இருந்தாலும் அதே கெத்தோட ஒரு சராசரியை நீட்டும். அதனால பக்கத்திலயே எத்தனை நாள்னு ஒரு காலம் போட்டு வைங்க. ரெண்டாவது, சந்தேகமான எண்ணுக்குக் குறி போடுங்க, அழிச்சுடாதீங்க. எந்த எண் பின்னாடி சாட்சி சொல்ல வரும்னு யாருக்குத் தெரியும்?