மூச்சுப் பாட்டும் பல் கவசமும்

2025 நவம்பர் கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி மதுரைக்கு வந்தது. சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்திய போட்டி அது. 24 நாட்டு அணிகள் ஆடின. கோப்பை ஜெர்மனிக்குப் போனது, வெண்கலம் நமக்கு. ரேஸ்கோர்ஸ் பகுதியில் புதிதாக எழுந்த அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பந்தோடு சேர்த்து இன்னொரு பொருளையும் கவனித்திருக்கலாம். ஆட்டம் நின்றதும் வாயில் விரலை விட்டு, பல் செட் மாதிரி ஏதோ ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது ஹாக்கிக்காரர்களிடம் வழக்கமான காட்சி. அதுதான் மவுத் கார்டு. சர்வதேச ஹாக்கி விதிகள் இதைக் கட்டாயப்படுத்தவில்லை, அணிவது நல்லது என்று பரிந்துரைக்கின்றன.

அதே மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ பொங்கல் சமயத்தில் போனால் டியூப்லைட் வெளிச்சத்தில், மைக் செட் அலற, விடிய விடிய கபடி நடக்கும். முட்டி மோதுவதில் ஹாக்கிக்குக் கொஞ்சமும் குறைந்த ஆட்டம் இல்லை. முழங்கை மூக்கில் படும், தலை தாடையில் இடிக்கும். ஆனால் ஆடுபவர்கள் வாயில் ஒன்றும் இருக்காது, 'கபடி கபடி' என்ற பாட்டைத் தவிர!

இப்போது வெளிநாட்டுச் சந்தையில் ஒரு புதுச் சரக்கு பேசப்படுகிறது. பல்லையும் காக்கும், மூச்சுத் தசைகளுக்கும் பயிற்சி கொடுக்கும், டூ இன் ஒன் மவுத் கார்டு. இதைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வர வேண்டிய ஆட்டம் கபடிதான். மூச்சையே சட்டமாக வைத்த ஆட்டம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கிறது? ஆனால் இந்த இரண்டையும் சேர்த்து வைப்பது விளம்பரத்தில் சொல்வது போல அவ்வளவு சுலபம் இல்லை. ஏன் என்று பார்க்க இரண்டு தனித்தனிக் கதைகளைச் சொல்ல வேண்டும்.

முதல் கதை பல்லுடையது. 1890-இல் லண்டனில் வுல்ஃப் க்ராஸ் என்ற பல் மருத்துவர், குத்துச்சண்டைக்காரர்களின் உதடு கிழியாமல் இருக்க மேல்வரிசைப் பல் மேல் கட்டாபெர்ச்சாப் பட்டைகளை ஒட்டி அனுப்பினார். கட்டாபெர்ச்சா மலாய் மரம் ஒன்றின் பால். சூடு காட்டினால் மெழுகு மாதிரி இளகும், ஆறினால் கெட்டியாகும். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்ட காலத்தில் கம்பிக்கு உறையாகச் சுற்றியது இதைத்தான். (இன்றும் ரூட் கெனால் செய்துகொண்டவர்கள் வாயில் இது இருக்கிறது, பல் வேர்க் குழியை அடைப்பது இதை வைத்துத்தான்.) க்ராஸின் மகன் பிலிப்பும் பல் மருத்துவர், தானும் குத்துச்சண்டை ஆடியவர். அவர் இதைக் கழற்றி மாட்டக்கூடிய கவசமாக மாற்றினார். அவருடைய நண்பர் டெட் 'கிட்' லூயிஸ் என்ற உலக சாம்பியன் அதை அணிந்து ஆடினார்.

உடனே எல்லோரும் வாங்கிவிடவில்லை. கவசம் போடுவது கோழைத்தனம் என்ற எண்ணம் எந்த ஆட்டத்துக்கும் முதலில் வருவதுதான். 1927-இல் மைக் மெக்டீக் என்பவர் ஜாக் ஷார்க்கியுடன் மோதினார். மெக்டீக்கின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் உடைந்த பல் ஒன்று அவர் உதட்டை உள்ளிருந்தே கிழிக்க, ரத்தம் நிற்காமல் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. ஜெயிக்க வேண்டிய ஆள் சொந்தப் பல்லிடம் தோற்றார். அதற்குப் பிறகுதான் குத்துச்சண்டையில் கவசம் சாதாரணமானது. அமெரிக்கக் கால்பந்தில் 1962-இல் பள்ளி ஆட்டங்களுக்கும், 1973-இல் கல்லூரி ஆட்டங்களுக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். இன்று விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும் சாதாரண வகையைச் சுடுநீரில் போட்டு, இளகியதும் கடித்துப் பதித்துக்கொண்டால் போதும். நன்றாகப் பொருந்துவது வேண்டுமென்றால் பல் மருத்துவரிடம் அச்சு கொடுத்துச் செய்ய வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

இரண்டாவது கதை மூச்சுடையது, வயதில் இளையது. ஓடினால் கால் தசை வலுக்கும், எடை தூக்கினால் கை வலுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூச்சு இழுக்கும் உதரவிதானமும் விலா எலும்பிடைத் தசைகளும் அப்படித் தனியாகப் பயிற்சி கொடுத்தால் வலுக்குமா? 1976-இல் லீத், பிராட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து வாரப் பயிற்சி கொடுத்து, வலுக்கும் என்று காட்டினார்கள். 1990-களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அலிசன் மெக்கானலும் உடன் இருந்தவர்களும் செய்த வேலையிலிருந்து 'பவர்பிரீத்' என்ற கைக்கருவி பிறந்தது. வாயில் வைத்து இழுக்க வேண்டும், உள்ளே ஒரு ஸ்பிரிங் வால்வு எதிர்த்து நிற்கும். நெஞ்சுக்கு ஒரு டம்பெல் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூச்சுத் தசை களைத்தால் என்ன ஆகும் என்பதிலும் ஒரு சுவாரசியம் உண்டு. களைத்த உதரவிதானம் உடம்புக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. உடனே கை கால் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தம் மூச்சுத் தசைக்குத் திருப்பப்படுகிறது, கால் கனக்கிறது. 'கால் ஓடவில்லை' என்று ஆட்டக்காரர் சொல்லும்போது சில சமயம் குற்றவாளி நெஞ்சில் இருக்கிறான்! ஆகவே மூச்சுத் தசைப் பயிற்சி முழு ஏமாற்று இல்லை. அதே சமயம் பலன் ஆளுக்கு ஆள், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது, பெரும்பாலும் சிறிய அளவில்தான். முகமூடி மாட்டிக்கொண்டு ஓடினால் மலை உச்சியில் பயிற்சி செய்த மாதிரி என்று விற்றார்களே, அது மட்டும் சரியில்லை. மலையில் காற்றிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தமே குறைவு. முகமூடி காற்றின் வழியை மட்டும்தான் குறுக்குகிறது.

மதுரைக்காரர்களுக்கு இது புதுச் சங்கதியும் இல்லை. கொரோனா காலத்தில் மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியை வீட்டுக்கு வீடு உறிஞ்சிக் கொண்டிருந்தார்களே, அதுவும் மூச்சு இழுக்கும் பயிற்சிதான். அதற்கு எவ்வளவோ முன்னால் நாதசுரம் இருக்கிறது. சின்னச் சீவாளிக்குள் காற்றை அழுத்தி ஊதி மணிக்கணக்கில் வாசிப்பது மூச்சை வெளியேற்றும் தசைகளுக்கு அசுரப் பயிற்சி. 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசன் வாயசைக்க, உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சீவாளியை யாரும் மூச்சுப் பயிற்சிக் கருவி என்று விற்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, கபடிக்கு வருவோம்.

தமிழில் சடுகுடு, ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு. பெயரும் பாட்டும் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான்: எதிராளி மண்ணில் ஒருவன் இருக்கும் நேரத்தை அவன் நுரையீரல் தீர்மானிக்கும். கடிகாரம் இல்லாத கிராமத்தில் ஆளே கடிகாரம். 1923-இல் பரோடாவில் ஹுதுதுப் போட்டிக்கு விதிகளை அச்சிட்டார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு அங்கே ஆடிக் காட்டியது. 1950-இல் அகில இந்தியக் கூட்டமைப்பு அமைந்தது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. இந்தப் பாதையில் பாட்டு ஒரே சொல்லாகச் சுருங்கியது. 'சடுகுடு' என்று பாடியவர்களும் 'கபடி' என்று பாட வேண்டியதாயிற்று. 'கை பிடி'தான் கபடி ஆனது என்று நம்மூரில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபணம் கேட்காத வரைக்கும்.

பாடும்போது உடம்புக்குள் நடப்பதைக் கவனித்தால்தான் அந்தப் புதுக் கருவியின் சிக்கல் புரியும். ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டுமுன் ஒரு பெரிய மூச்சு இழுக்கிறார். அதன்பின் இழுக்கவே கூடாது, சொல் வழியாகச் சிறுகச் சிறுகச் செலவழிக்க வேண்டும். நிறைந்த நெஞ்சு தானாகவே காற்றைத் தள்ளப் பார்க்கும். முதல் சில விநாடிகள் மூச்சு இழுக்கும் தசைகளே பிரேக் மாதிரி அதைப் பிடித்து வைக்கின்றன. காற்று குறையக் குறைய வயிற்றுத் தசை உள்ளே அமுக்கி மிச்சத்தைப் பிழிகிறது. இதற்கிடையில் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. 'இழு இழு' என்று உந்துவது பெரும்பாலும் அதுதான், ஆக்சிஜன் குறைவு அல்ல. அந்த உந்துதலைத் தாங்கிக்கொண்டு, காலைப் பிடித்த நாலு பேரை இழுத்துக்கொண்டு, 'கபடி' என்ற சொல்லையும் விடாமல் நடுக்கோட்டைத் தொட வேண்டும். பிடியில் இருக்கும்போது பாட்டு அறுந்தால் அவுட். "மூச்சு விட்டுட்டான்!" என்று கூட்டம் கத்துவது நடுவர் விசிலுக்கு முன்பே கேட்கும்.

இதற்குக் கிராமத்துப் பையன்கள் செலவில்லாமல் தயாரானார்கள். கண்மாய் நிறைந்தால் முங்கு நீச்சல், யார் அதிக நேரம் தண்ணீருக்குள் இருப்பது என்ற பந்தயம். வறண்டால் வைகை மணலில் ஓட்டம். வேறு விளையாட்டுக்கு மட்டை வேண்டும், ஷூ வேண்டும், மைதானம் வேண்டும். சடுகுடுவுக்கு ஒரு கோடு கிழிக்கக் குச்சி போதும். மூச்சு ஒன்றுதான் முதலீடு, அது ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு இலவசம்.

பிறகு கடிகாரம் வந்தது. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. டிவிக்கு இது வசதி: திரையின் மூலையில் எண்கள் குறைந்துகொண்டே வரும், பார்ப்பவருக்குப் பதைப்பு. தமிழ் தலைவாஸ் 2017-இல் சேர்ந்தபின் இங்கும் வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். விதிப்புத்தகத்தில் பாட்டு இன்னும் இருக்கிறது, நடுவருக்குக் கேட்கும்படி பாட வேண்டும் என்பதும் இருக்கிறது. ஆனால் நேரத்தை அளப்பது நுரையீரல் இல்லை என்று ஆனபின் நீண்ட மூச்சுக்காரனின் தனிச் சலுகை போய்விட்டது. முன்பு எதிராளிகள் அவன் மூச்சு தீரும்வரை தவித்து நிற்பார்கள். இப்போது எண் தீரும்வரை நின்றால் போதும். ஆட்டம் விறுவிறுப்பானது உண்மை. இழந்தது ஒன்று உண்டு என்பதும் உண்மை.

மூச்சும் பல்லும் சேர்ந்த அந்த மவுத் கார்டு இங்கே எங்கே பொருந்தும்? முதல் இடைஞ்சல் கருவிக்குள்ளேயே இருக்கிறது. நல்ல பல் கவசத்தின் இலக்கணம் காற்றைத் தடுக்காமல் இருப்பது. நல்ல மூச்சுப் பயிற்சிக் கருவியின் இலக்கணம் காற்றைத் தடுப்பது! ஒரே பொருள் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியாது. பயிற்சியின்போது தடை வைத்து, ஆட்டத்தின்போது தடையை எடுத்துவிட்டால்தான் உண்டு. அப்படியானால் அது ஒரே விலையில் கட்டிய இரண்டு பொருள். வணிகவியலில் இதற்கு நல்ல பெயர் உண்டு, 'பண்டிலிங்'. தவிர, இழுக்கும்போது தடை கொடுக்கும் கருவி ரெய்டரின் பாதி வேலைக்குத்தான் உதவும். பிழிகிற பாதிக்கு நாதசுரக்காரர்தான் வாத்தியார்.

இரண்டாவது இடைஞ்சல் சொல்லில் இருக்கிறது. 'கபடி' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'க' தொண்டைப் பக்கம் பிறக்கிறது, கவசம் அதைத் தொடாது. 'ப'வுக்கு இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். தடித்த கவசம் மேல்பல்லில் இருந்தால் உதடு சரியாக ஒட்டாது. 'டி'க்கு நாக்கு மேலண்ணத்தைத் தொட வேண்டும். கவசத்தின் உள்விளிம்பு பெருத்திருந்தால் அதுவும் குழறும். குத்துச்சண்டைக்காரன் வாய் குழறினால் யாருக்கும் கவலை இல்லை. கபடிக்காரன் வாய் குழறினால் எதிரணிக்குப் புள்ளி. இன்னொரு வேடிக்கை, 'சடுகுடு'வில் உதடு ஒட்டும் எழுத்தே கிடையாது! பழைய பாட்டே இருந்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

இதனாலெல்லாம் பல் போனால் போகட்டும் என்று விடுவதும் நியாயம் இல்லை. முன்பல் இரண்டு போன பையனுக்குச் செயற்கைப் பல் கட்டும் செலவு, ஊர்ப் போட்டியில் வாங்கும் பரிசுப் பணத்தைத் தின்றுவிடும். கவசம் இல்லாமல் ஆடி, பல் வேரோடு கழன்று விழுந்தால் செய்ய வேண்டியது இது: மேல்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தேய்க்கக் கூடாது, பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். அரை மணிக்குள் போனால் அதே பல்லைத் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு. சென்னைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் 2008-இல் பாலுக்குப் பதில் இளநீரைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். இளநீரின் அமிலத்தன்மை பற்றிப் பிறகு சந்தேகங்கள் எழுந்தன, அதனால் பால்தான் பத்திரம். டீக்கடை இல்லாத கபடி மைதானம் ஏது?

வாங்குவதென்றால் தடை வால்வு ஏதும் இல்லாத மெல்லிய மேல்பல் கவசம் போதும், பல் மருத்துவரிடம் அச்சு கொடுத்துச் செய்தது என்றால் இன்னும் நல்லது. மூச்சுப் பயிற்சி அதிகாலையில் தனியாக நடக்கட்டும், கருவியோடோ கண்மாயிலோ. ஆட்டத்துக்கு முன்னால் கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் பாட வேண்டும், நடுவர் நிற்கும் தூரத்தில் ஒரு நண்பனை நிறுத்தி. அவன் காதில் மூன்று எழுத்தும் விழுந்தால் கோட்டைத் தாண்டலாம்.