காபனூட்டல் (முருகைத் தொட்டி)

காபனூட்டல் என்பது, முருகைக்கல் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் மிஞ்சும் நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் குறைக்க, பற்றீரியாக்களுக்கு உணவாகும் சேதனக் காபனை நாள்தோறும் அளந்து விடும் முறையாகும். வொட்கா, வினாகிரி, சீனி என்பன பரவலாகப் பயன்படும் காபன் மூலங்கள்.

செயற்படும் விதம்

மீன் தின்று மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் நீரில் நைதரசனையும் பொசுபரசையும் சேர்க்கின்றன. இவை தாராளமாக இருந்தும் பற்றீரியா பெருகாமைக்குக் காரணம் காபன் பற்றாக்குறையே. காபன் கிடைத்ததும் பற்றீரியா பெருகி, மற்ற இரண்டையும் தன் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. கடல் மிதவையுயிர்களில் காபன், நைதரசன், பொசுபரசு அணுக்கள் ஏறத்தாழ 106:16:1 என்ற விகிதத்தில் உள்ளன. அல்பிரட் ரெட்ஃபீல்ட் 1934 முதல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. நைதரசன் அதிகமாகவும் பொசுபரசு குறைவாகவும் செலவாவதால், தொட்டியில் நைத்திரேற்று விரைந்து இறங்க, பொசுபேற்று பின்தங்கி நிற்பதுண்டு.

பெருகிய பற்றீரியாவை நீரிலிருந்து வெளியேற்றுவது புரோட்டீன் ஸ்கிமர். நுண்குமிழிகளில் ஒட்டிய பற்றீரியா நுரையாக மேலேறி, அதன் கிண்ணத்தில் கருந்தேநீர் நிறத்தில் நாற்றத்தோடு தேங்கும். அந்தக் கிண்ணத்தைக் கழுவி ஊற்றும்போதுதான் ஊட்டச்சத்து தொட்டியை விட்டுப் போகிறது.

அளவும் ஆபத்தும்

நூறு லீற்றர் நீருக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிலீற்றர் வொட்காவில் தொடங்கி, நீரைச் சோதித்தபடி வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவது வழக்கம். 40 வீத வொட்கா ஒரு மில்லிலீற்றரில் உள்ள காபன், 5 வீத வினாகிரி எட்டு மில்லிலீற்றரில் உண்டு. அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் நீர் பால்போல் கலங்கும். பற்றீரியா ஒட்சிசனைக் குடித்துவிட, விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளக்கும். ஊட்டச்சத்தைச் சுழியமாக்குவதும் கேடே. முருகையின் திசுவில் வாழும் பாசிக்கும் நைதரசன் வேண்டும். அது அற்றால் முருகை வெளிறும். 

வரலாறும் உறவான முறைகளும்

வொட்கா முறை 2000களின் தொடக்கத்தில் ஜேர்மன் வளர்ப்பாளர்களிடையே பரவியது. காபன் கொடுத்து நைதரசனைப் பிடிக்கும் இதே விதியை மீன் வளர்ப்பில் இஸ்ரேலிய அறிஞர் யோரம் அவ்னிமெலெக் 1999இல் விளக்கினார். ஒரு கிராம் அமோனிய நைதரசனைப் பற்றீரியா உடலாக்க ஏறத்தாழ 20 கிராம் மாப்பொருள் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மொலாசஸ் ஊற்றி இறால் வளர்க்கும் பயோஃபிளாக் முறை இந்த விதியின்மேல் எழுந்தது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் அதில் ஆய்வு செய்துள்ளது. பயோஃபிளாக் குளத்தில் பற்றீரியாத் திரள் வீணாவதில்லை, இறாலுக்கே தீனியாகிறது.

தேயிலை மண்ணில்

கடலிலிருந்து விலகிய, இலங்கையின் கஹவத்தை போன்ற சப்ரகமுவத் தேயிலைத் தோட்டங்களிலும் இந்த விதி காலடியில் கிடக்கிறது. மரத்தூளை மண்ணில் கலந்துவிட்டால், அதன் காபனைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனையும் பிடித்துக்கொள்ளும். செடியின் இலை மஞ்சளாகும். கவ்வாத்து வெட்டிய முற்றிய கிளைகள் மெதுவாக மக்குவதும், பச்சை இலை விரைந்து மக்குவதும் காபன்–நைதரசன் விகித வேறுபாட்டோடு தொடர்புடையவை. தோட்டத்தில் நுண்ணுயிர் மடியும்போது பிடித்த நைதரசன் மண்ணுக்கே திரும்பி, பின்னொரு கொழுந்துக்கு உதவும். தொட்டியிலோ அதே திரும்புதல்தான் தோல்வி: ஸ்கிமர் அகற்றாத பற்றீரியா மடிந்தால், நைத்திரேற்று மறுபடி நீருக்கே வந்துசேரும்.