ஞானஸ்நானத்துக்கு வந்த நதித் தெய்வம்

இத்தாலியில் ராவென்னா என்று ஒரு ஊர். அங்கே எண்கோண வடிவில், சின்னதாக ஒரு செங்கல் கட்டடம் இருக்கு. கி.பி. 500-ஐ ஒட்டி, கோத் மன்னன் தியோடெரிக் காலத்தில் கட்டிய ஞானஸ்நான மண்டபம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், மொசைக்கில் ஏசு யோர்தான் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். தாடி கிடையாது, துணியும் கிடையாது. ஒரு பக்கம் யோவான். சரி, மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற கிழவர் யாரு?

வெள்ளைத் தாடி, கையில் நாணல், பக்கத்தில் தண்ணீர் கொட்டும் குடம், தலையில் நண்டுக் கொடுக்கு! பைபிளில் இப்படி ஒருத்தர் கிடையவே கிடையாது. அவர்தான் யோர்தான் நதி. ரோமானியச் சிற்பிகள் நைல், டைபர் நதிகளைத் தாடி வைத்த ஆளாகத்தான் செதுக்கினார்கள். நண்டுக் கொடுக்கு, கடல் தெய்வம் ஓசியானஸின் அடையாளம். ஆறு என்றால் இப்படித்தான் வரையணும் என்று தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம். சாமி மாறினாலும் கைப்பழக்கம் மாறல.

இந்த மண்டபம் ஆரியப் பிரிவினருடையது. நம்ம ஊர் அரசியல் 'ஆரியர்' இல்லைங்க. அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குருவின் வழி வந்தவர்கள். மகன் தந்தையால் படைக்கப்பட்டவர், தந்தைக்குச் சமமானவர் அல்ல என்பது அவர் போதனை. 325-இல் நிக்கேயா சங்கம் அதை நிராகரித்தது. ஆனால் அதே ராவென்னாவில், சில பத்தாண்டுகளுக்கு முன்பே அலங்கரித்த எதிர்த்தரப்பின் ஞானஸ்நான மண்டபத்திலும் இதே நதிக் கிழவர் இருக்கிறார், பெயர் எழுதியே! கொள்கையில் ஒத்துப்போகாத இரண்டு தரப்புக்கும் இவர் மட்டும் உறுத்தவே இல்லை.

540-இல் ஜஸ்டினியனின் படை ஊரைப் பிடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆரியர்களின் கோயில்கள் கைமாறின. தியோடெரிக்கின் அரண்மனைக் கோயிலான சான்ட் அப்பொல்லினாரே நுவோவோவில், அரண்மனையைக் காட்டும் மொசைக் ஒன்று உண்டு. அதன் தூண்களுக்கு நடுவே நின்றவர்களை (மன்னரும் அரசவையினரும் என்று கருதுகிறார்கள்) பெயர்த்தெடுத்துவிட்டு, திரைச்சீலைகளைப் பதித்துவிட்டார்கள். சில தூண்கள் மேல் கைகள் மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

மண்டபத்துக் கிழவரை யாரும் தொடல. எனக்குத் தோன்றுவது இதுதான்: அப்போது பழைய தெய்வங்களைப் பார்த்து யாருக்கும் பயமில்லை. பயமெல்லாம், அதே ஏசுவைக் கும்பிட்ட பக்கத்துக் கோயில்காரனைப் பார்த்துத்தான்.