சிங்கப்பூர் அரசு நில விற்பனைத் திட்டம்

சிங்கப்பூர் அரசு நில விற்பனைத் திட்டம் என்பது அரசு நிலத்தை ஒப்பந்தப்புள்ளி மூலம் தனியாருக்கு வழங்கும் முறை ஆகும். இது 1967 இல் தொடங்கியது. பெயரில் விற்பனை என்றிருந்தாலும், வீட்டு மனைகளும் வணிக மனைகளும் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைக்கே விடப்படுகின்றன.

வரலாறு

1966 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைக் கொண்டு, நகர மையத்தில் சிதறிக் கிடந்த சிறு மனைகளை அரசு ஒன்றுசேர்த்தது. பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ், கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் ஆகியன தொடக்ககால விற்பனை மனைகளில் எழுந்தவை. 1973 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், நிலம் இழந்தோரின் இழப்பீட்டுக்குப் பழைய தேதி ஒன்றின் விலையே உச்சவரம்பாகக் கொள்ளப்பட்டது. அத்தேதி இடையிடையே மாற்றப்பட்டது; எனினும் முழுச் சந்தை விலை 2007 இல்தான் வழங்கப்படலாயிற்று. மலிவாகப் பெற்ற நிலம் உயர்ந்த விலைக்குக் குத்தகைக்குப் போனது என்ற குறை நெடுநாள் இருந்ததில் வியப்பில்லை.

நடைமுறை

மனைகள் அரையாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கப்படுகின்றன. உறுதிப் பட்டியலிலுள்ளவை குறித்த காலத்தில் ஒப்பந்தப்புள்ளிக்கு வரும். காத்திருப்புப் பட்டியலிலுள்ளவை, அரசு ஏற்கத்தக்க குறைந்தபட்ச விலைக்கு ஒரு நிறுவனம் உறுதியளித்த பிறகே பொதுவாக வரும். நகர மறுசீரமைப்பு ஆணையம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஆகியன விற்பனையை நடத்துகின்றன. கிடைக்கும் தொகை அன்றாடச் செலவுக்குரியதன்று. நாட்டின் நிதியிருப்பில் சேர்க்கப்படுகிறது.

குத்தகை முடிவு

குத்தகை முடிந்தால் நிலம் அரசுக்கே திரும்பும். கேலாங் லோரோங் 3 இல், இத்திட்டத்துக்கு முந்தைய 60 ஆண்டுக் குத்தகையிலிருந்த 191 தனியார் வரிசை வீடுகள், 2020 டிசம்பர் 31 அன்று இழப்பீடின்றி அரசிடம் சென்றன.