மதுரைக்குக் குடும்ப யாத்திரை: காலம், வழி, தங்கல், நுழைவு

முன்னுரை

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு மூன்று நாள்களுக்கு நகருக்கு வந்து, மீனாட்சி சுந்தரேசுவரரை வணங்கி, அழகர்மலைக்கும் சென்று ஊர் திரும்புவது இன்று எளிய வழக்கமாகத் தோன்றுகிறது. இது பழங்காலந்தொட்டு மாறாமல் வருவது என்னும் எண்ணமும் பரவலாக உண்டு. ஆயினும் இத்தகைய குறும்பயணம் நிகழ நான்கு தேவைகள் நிறைவேற வேண்டும். குடும்பம் முழுவதும் வீட்டைவிட்டு வரத்தக்க காலம், விரைவில் வந்து திரும்பும் வழி, தங்குமிடம், கோயிலுக்குள் செல்லும் உரிமை என்பன அவை. முதல் மூன்றும் 17ஆம் நூற்றாண்டுக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில் படிப்படியாக அமைந்தன. நான்காவது, மக்களில் ஒரு பெரும்பகுதியினருக்கு 1939க்குப் பின்னரே கிட்டியது.

கோயில் வரலாறு பெரும்பாலும் கல்வெட்டையும் அரசர் கொடையையும் கொண்டு எழுதப்படுகிறது. ஓர் உழவர் குடும்பத்தின் யாத்திரை கல்வெட்டில் ஏறுவதில்லை. எனவே விழாக் காலம், சத்திரம், இருப்புப்பாதை, நீதிமன்றத் தீர்ப்பு, சட்டம் ஆகியவற்றின் வழியாகவே அதனைத் தேட வேண்டியுள்ளது.

விழாக் காலமும் உழவர் குடும்பமும்

திருமலை நாயக்கர் (1623–1659) காலத்திற்கு முன் மீனாட்சி திருக்கல்யாணம் மாசி மாதத்தில் நடைபெற்றது என்றும், அழகர் சித்திரையில் தேனூருக்கு எழுந்தருளினார் என்றும், இவ்விரு விழாக்களையும் சித்திரையில் இணைத்தவர் திருமலை நாயக்கரே என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. பெருந்தேர்களை இழுக்க ஆள் வேண்டும். மாசி அறுவடைக் காலம். ஆதலால் விழா சித்திரைக்கு மாற்றப்பட்டது என்னும் விளக்கமும் வழங்கிவருகிறது. தேர் இன்றும் சுற்றிவருவது மாசி வீதிகளையே என்பது இம்மரபுக்குத் துணைநிற்கும் தடயமாகக் கருதப்படுகிறது.

இம்மாற்றத்தை நாயக்கரின் அரசியல் திறனாகவும் சைவ வைணவ இணக்கமாகவும் ஆய்வாளர் பலர் விளக்கியுள்ளனர். குடும்பத்தின் நோக்கில் அதன் பயன் வேறொன்று. சித்திரை, அறுவடை முடிந்து களம் ஓய்ந்த மாதம். கையில் தானியமும் சிறிது பணமும் இருக்கும். மாடும் வண்டியும் ஓய்ந்திருக்கும். திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், அதற்கடுத்த வைகறையில் அழகர் வைகையில் இறங்குதல் என மூன்று நிகழ்வுகளும் தொடர்ந்து வருவதால், ஒரே பயணத்தில் மூன்றையும் கண்டு திரும்ப இயன்றது. இன்று சித்திரை பள்ளி விடுமுறையையும் ஒட்டி வருவதால், களத்தின் ஓய்வுக்கு ஏற்ப அமைந்த விழா பள்ளியின் ஓய்வுக்கும் பொருந்திவிட்டது.

குடும்பச் சடங்குகளும் இவ்விழாவோடு பின்னியவை. திருக்கல்யாண நேரத்தில் சுமங்கலிப் பெண்கள் தாலிக்கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்கின்றனர். உறவினர் வீட்டுத் திருமணம்போல் மொய் வைப்பாரும் உண்டு. குழந்தைகளுக்கு முடியிறக்கிக் காது குத்துதல் அழகர்கோயிலில் நிறைவேறும் நேர்த்திக்கடன். அழகர் வேடம் பூண்டு தோற்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவோரும், சர்க்கரை நிறைத்த செம்பின்மேல் சூடம் ஏற்றி வழிபடும் பெண்களும் விழாவைத் தம் வீட்டு நிகழ்வாகவே நடத்துகின்றனர்.

சத்திரமும் இருப்புப்பாதையும்

நீண்ட தொலைவிலிருந்து வந்தோருக்கு மதுரை பெரும்பாலும் இராமேசுவர யாத்திரையின் இடைத்தங்கல். அவ்வழியில் சேதுபதிகள் பல சத்திரங்களை நிறுவினர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆட்சிசெய்த இராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சத்திரங்களோடும் இணைந்தே நினைக்கப்படுகிறது. மதுரையில் அவர் பெயரால் விளங்கும் சத்திரம் இன்று இரயில் நிலையத்திற்கு எதிரே உள்ளது. 1840களில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டபின், நகரம் வெளி வீதிகளைக் கடந்து விரிந்தது. அதன் மேற்குப் பக்கத்திலேயே பின்னர் இரயில் நிலையம் அமைந்தது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு 1875இல் இருப்புப்பாதை வந்தது. 1876இல் அது தூத்துக்குடியை எட்டியது. 1902இல் மண்டபம் வரை கிளைப்பாதை திறக்கப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் இராமேசுவரத்தை இணைத்தது. பல நாள்கள் நடந்தும் வண்டியிலும் சென்ற வழி சில மணி நேரமாகச் சுருங்கியது. முதியோரையும் கைக்குழந்தையையும் உடன் அழைத்துவருதல் எளிதாயிற்று. தென்னிந்திய இரயில்வேயின் பயணக் கையேடுகள் கோயில்களோடு சத்திரங்களையும் பட்டியலிட்டன. சிலவிடங்களில் எந்த வகுப்பார் அங்குத் தங்கலாம் என்ற குறிப்பும் அவற்றில் இடம்பெற்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பல சாதியினரும் ஒன்றாக அமர்ந்து வந்தனர். நிலையத்தில் இறங்கியதும் அவர்களின் வழிகள் பிரிந்தன.

வாசலில் நின்றோர்

இப்பிரிவு வெறும் வழக்கமாக மட்டும் நில்லாமல் சட்டத்தின் ஒப்புதலையும் பெற்றிருந்தது. அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த கமுதியில் 1897இல் நாடார் மக்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டனர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி தொடுத்த வழக்கில் அவர்களுக்கு நுழைவுரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் 1908இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. வணிகத்தால் செல்வம் பெற்று, நகரில் கடையும் வீடும் வைத்திருந்த ஒரு சமூகத்திற்கே நிலை இதுவாயின், நிலமற்ற உழைப்பாளர் குடும்பங்களின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இப்பின்னணியில் அழகரின் வருகை தனிப்பொருள் பெறுகிறது. ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவிலுள்ள மலையடியிலிருந்து புறப்படும் அவர், வழிநெடுகிலும் நூற்றுக்கணக்கான மண்டபங்களில் தங்கி, தல்லாகுளத்தில் எதிர்சேவை ஏற்று, ஆற்றில் இறங்கி, வண்டியூர் சென்று திரும்புகிறார். தங்கையின் கோயிலுக்குள் அவர் செல்வதில்லை. திருமணம் முடிந்துவிட்டதால் சினந்து திரும்பினார் என்று கதை கூறும். கோயிலுக்குள் நுழைய இயலாத குடும்பங்களுக்கு, இறைவனை மறைப்பின்றிக் காணும் இடமாக ஆறு இருந்தது. அழகர்கோயில் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பனை வழிபடுவோருக்குச் சந்தனம் பூசிய அடைத்த கதவே வழிபடுபொருள். தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ (1989) ஆய்வு கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகியோருக்கும் இக்கோயிலுக்கும் உள்ள உறவுகளை விளக்குகிறது. அவ்வுறவுகளின் வலிமையைப் போற்றும்போது, ஆற்றங்கரையோடு நின்ற பயணம் எல்லோருக்கும் விருப்பத்தேர்வாக இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

1939ஆம் ஆண்டும் அதன் பின்னும்

1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் உடனழைத்து மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். ஐவருள் ஒருவர், பிற்காலத்தில் தமிழக அமைச்சராக விளங்கிய பி. கக்கன். அவர் மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியினர். அழகர்மலை அவர் வட்டாரத்தின் மலை. கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு நுழைவுக்குத் துணைநின்றார். பட்டர்களில் பலர் பணியைப் புறக்கணித்தனர்; அவர்கள் முழுமையாகத் திரும்பியது 1945இல். இராஜாஜி தலைமையிலான அரசு அவ்வாண்டிலேயே நுழைவுக்கு அதிகாரமும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டத்தை இயற்றியது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. முன்னர் மதுரைக்கு வந்தும் இக்கோயிலுக்குள் செல்லாத காந்தியடிகள், 1946இல் உள்ளே சென்று வணங்கினார்.

அன்று நுழைந்தோர் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர். தாயும் பாட்டியும் குழந்தைகளும் அடங்கிய குடும்பம், முன்னறிவிப்பும் பாதுகாப்பும் இன்றி, வேண்டிய நாளில் வந்து வரிசையில் நிற்பதே அந்நுழைவின் நிறைவு. அது செய்தியாகவில்லை, பல்லாயிரம் குறும்பயணங்களாக மெல்ல மெல்ல நிகழ்ந்தது. அவ்வகையில், பொற்றாமரைக் குளக்கரையில் அமர்ந்திருக்கும் ஒரு குடும்பம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறைச் சான்றாகும்.

முடிவுரை

மதுரைக் குறும்யாத்திரையின் காலத்தை உழவும் விழாவும் அமைத்தன. வழியையும் தங்கலையும் சத்திரமும் இருப்புப்பாதையும் தந்தன. இம்மூன்றும் மேலிருந்து வந்த ஏற்பாடுகள். நுழைவுரிமை மட்டும் போராடிப் பெறப்பட்டது. ஆகவே யாத்திரை பற்றிய ஆய்வுகள் ‘பக்தர் குடும்பம்’ என்பதைச் சாதி வேறுபாடற்ற ஒற்றை அலகாகக் கொள்வது பொருந்தாது. மதுரை வட்டாரத்தின் பல குடும்பங்களில் வைகைக்கரைக்குப் பயணம் நூற்றாண்டுகள் பழமையுடையது. மீனாட்சியின் சன்னதிக்குப் பயணம் மூன்று நான்கு தலைமுறைகளே கண்டது. இவ்விரு பயணங்களின் நினைவுகளையும் முதியோரிடமிருந்து ஊர்தோறும் சாதிதோறும் தனித்தனியே பதிவுசெய்வது, கல்வெட்டும் தீர்ப்பும் தராத வரலாற்றை மீட்கும் உடனடித் தேவையாகும். 1939ஐக் கண்ட தலைமுறை விரைந்து மறைந்துவருகிறது.